கீழே கடை, மேலே வீடு. வெடி மட்டும் வெளியே!

சிவகாசியில் பழைய தெரு ஒன்றில் நடந்து பாருங்கள்.

கீழே அச்சாபீஸ். "தடக், தடக்" என்று எந்திரம் ஓடுகிறது. அடுத்த வருஷத்துக் காலண்டர் தாள் தாளாக வந்து விழுகிறது. மாடியில் குடித்தனம். கைப்பிடிச் சுவரில் சேலை காய்கிறது. மாடிப்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்து வாய்ப்பாடு படிக்கிறாள்.

விருதுநகர் பஜாருக்குப் போங்கள். முன்னால் கடை. பின்னால் கிட்டங்கி. மல்லியும், வத்தலும், பருப்பும் மூட்டை மூட்டையாக அடுக்கி இருக்கும். மேலே வீடு. அந்தக் காலத்து வியாபாரி மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடி ஏறினால் போதும். வண்டி வேண்டாம், வாகனம் வேண்டாம்.

தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்தச் சீமைக்குப் புதிது அல்ல. நகர அமைப்பு அதிகாரிகள் இதைத்தான் "கலப்புக் குடியிருப்பு" என்கிறார்கள்.

"ஊருக்குள் இன்னும் மாடி கட்ட விடலாமா? வீட்டு மனையில் கடையும், கடை மனையில் வீடும் வரலாமா?" இந்தக் கேள்வி இன்று உலகம் முழுவதும் எல்லாப் பட்டணங்களிலும் எழுகிறது. மற்ற ஊர்களில் இது வாடகைப் பிரச்சினை; போக்குவரத்துப் பிரச்சினை.

சிவகாசியில் இது உயிர்ப் பிரச்சினை!

ஏன்? பார்ப்போம்.

மனைக்கும் ஜாதகம் உண்டு

மனிதனுக்கு ஜாதகம் இருப்பதுபோல மனைக்கும் ஒன்று உண்டு.

1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு நகரத்துக்கு "முழுமைத் திட்டம்" போடுகிறார்கள். ஊரின் படத்தை விரித்து வைத்து, நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். இது வீடு கட்டும் இடம். இது கடைவீதி. இது தொழிற்சாலை. இது வயல். இது பூங்கா. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை.

வீடும் சிறு தொழிலும் கலந்து இருக்க "கலப்புக் குடியிருப்பு" என்று ஒரு வகை இருக்கிறது. "அபாயகரமான தொழில்" என்றும் தனியாக ஒரு வகை இருக்கிறது.

ஒரு வகையில் இருக்கும் நிலத்தை இன்னொரு வகைக்கு மாற்ற வேண்டுமானால் மனு கொடுக்க வேண்டும். அதிகாரிகள் இடத்தைப் பார்ப்பார்கள். பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லலாம். அரசாங்கம் சம்மதித்தால்தான் மாற்றம் நடக்கும். இதற்குத்தான் "நில உபயோக மாற்றம்" என்று பெயர்.

காகிதத்தில் இது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியால் பருத்திக் காடு மனைகளாகும். மனைகள் தெருவாகும். தெரு வந்துவிட்டால் பிறகு அதை எடுக்க யாராலும் முடியாது.

மூன்று சென்ட் கணக்கு

மாடி எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குத் "தளப்பரப்புக் குறியீடு" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சுலபமான கணக்குதான்.

உங்களிடம் 3 சென்ட் மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 1,307 சதுர அடி. குறியீடு ஒன்றரை என்றால், எல்லா மாடிகளையும் சேர்த்து சுமார் 1,960 சதுர அடி கட்டலாம். குறியீடு இரண்டு என்றால், சுமார் 2,610 சதுர அடி கட்டலாம்.

2019-ல் தமிழ்நாடு அரசாங்கம் புதிய கட்டிட விதிகளைக் கொண்டுவந்தது. அதில், அதிக உயரம் இல்லாத சாதாரணக் கட்டிடங்களுக்கு ஒன்றரையாக இருந்த குறியீட்டை இரண்டாக உயர்த்தியது.

வித்தியாசம் எவ்வளவு? சுமார் 650 சதுர அடி. ஒரு சிறு குடும்பம் குடியிருக்க அது போதும். அதாவது, அதே மனையில் இன்னும் ஒரு வீடு!

நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விட்டு, தெருவின் அகலத்துக்கு ஏற்றபடிதான் கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனாலும், ஊருக்கு வெளியே ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடாமல், ஊருக்குள்ளேயே இன்னொரு குடும்பத்துக்கு இடம் கிடைக்கிறது அல்லவா?

இதுதான் "நெருக்கமாகக் கட்டுவது" என்பதன் சாரம்.

குட்டி ஜப்பானின் நெரிசல்

1922-ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் சீமையில் அது பெரிய பிழைப்பாக வளர்ந்தது. 1940-களில் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் அல்லவா? அதனால் அச்சுத் தொழிலும் செழித்தது. "குட்டி ஜப்பான்" என்று ஊருக்குப் பெயர் வந்தது.

தொழில் பெருத்தது. ஊர் பெருக்கவில்லை. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, சிவகாசி நகராட்சியில் 71 ஆயிரம் பேர். பரப்பளவோ சுமார் 7 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 10 ஆயிரம் பேர்!

2021-ல் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. எல்லை விரிந்தது. பழைய தெருவின் அகலம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

புதிதாகக் கல்யாணம் ஆன தம்பதிகள் எங்கே குடியிருப்பது?

கல் ஊன்றிய காடு

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம்.

கணவர் அச்சாபீசில் வேலை பார்க்கிறார். மனைவி பட்டாசு ஆபீசுக்குப் போகிறார். (வெளியூர்க்காரர்கள் "பட்டாசு ஆலை" என்பார்கள். இந்தப் பக்கத்தில் அது "ஆபீஸ்"தான்.) இரண்டு குழந்தைகள். ஒற்றை அறை வாடகை வீடு. சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து, கொஞ்சம் பணம் சேர்த்து இருக்கிறார்கள்.

ஊருக்குள் மனை வாங்கக் கட்டுபடி ஆகவில்லை. ஊருக்கு வெளியே காட்டில் கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி இருக்கிறார்கள். "பஸ் நிலையத்துக்குப் பத்தே நிமிஷம்" என்கிறார் தரகர். விலை மலிவு. வாங்கிவிடுகிறார்கள்.

வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடி போன பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று பார்க்கிறார்கள். சீமைக்கருவேல மரங்களுக்கு அப்பால் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளித் தெரிகின்றன.

அது ஒரு பட்டாசு ஆபீஸ்!

சும்மா கிடக்கும் நிலம் அல்ல

பட்டாசு ஆபீசைச் சுற்றி நிறைய நிலம் காலியாகக் கிடக்கும். "இவ்வளவு நிலத்தை வீணாகப் போட்டு இருக்கிறார்களே!" என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

அது வீண் நிலம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மதில்!

1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் அந்த மதிலை எழுப்பி இருக்கின்றன. ஓர் இடத்தில் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மருந்து கூடினால் தூரமும் கூடும். இதற்குப் "பாதுகாப்பு இடைவெளி" என்று பெயர்.

ஆபீசுக்குள்ளும் அப்படித்தான். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் இடைவெளி இருக்கும். ஓர் அறையில் விரல் விட்டு எண்ணும் ஆட்களே இருக்க வேண்டும். ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே நோக்கம்.

இப்போது அந்தக் குடும்பத்தின் வீடு இந்த இடைவெளிக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும்?

குடும்பத்துக்கு ஆபத்து. அது மட்டும் அல்ல. ஆபீசுக்கும் ஆபத்து! அவர்கள் வைத்திருக்கும் மருந்தின் அளவைக் குறைக்க நேரும். உரிமமே கேள்விக்குறி ஆகலாம். அந்த வீட்டு அம்மாள் வேலை பார்ப்பது அதே ஆபீசாகக்கூட இருக்கலாம். அப்படியானால் அவர் கட்டிய வீடே அவருடைய வேலைக்கு உலை வைக்கும்.

"ஆபீஸ் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா?" என்று வக்கீல்கள் வாதாடலாம். வெடிமருந்து அதைக் கேட்காது.

இரண்டு துயரங்கள்

2012 செப்டம்பர் 5-ந் தேதி. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். உதவி செய்ய வந்தவர்களும் உண்டு. என்ன என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. மறுபடியும் பயங்கரமாக வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல!

2016 அக்டோபர் 20-ந் தேதி. தீபாவளிக்கு இன்னும் ஒன்பதே நாள். சிவகாசி நகரத்திலேயே ஒரு பட்டாசுக் கிட்டங்கி. வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு ஸ்கேன் நிலையம். புகை உள்ளே புகுந்தது. வெளியே வர வழி தெரியாமல் மூச்சுத் திணறி விழுந்தார்கள். எட்டுக்கும் குறையாத உயிர்கள் போயின.

வைத்தியத்துக்குப் போன இடத்தில் சாவு!

நெருக்கமாகக் கட்டியதா அங்கே தப்பு? இல்லை. கடையும் ஸ்கேன் நிலையமும் அடுத்தடுத்து இருக்கலாம். அச்சாபீசும் வீடும் அடுத்தடுத்து இருக்கலாம். எதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாடியில் வீடு இருந்தால் கீழே பட்டாசுக் கடை கூடாது

இதைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. 2008-ம் ஆண்டு விதிகளின்படி, நிரந்தரப் பட்டாசுக் கடை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. 25 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தனி வாசல் வேண்டும். அவசர வழி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே கடை வைக்கக்கூடாது.

மிகவும் முக்கியமானது இது: மேல் மாடியில் ஆட்கள் குடியிருந்தால், அதன் கீழே பட்டாசுக் கடை கூடவே கூடாது!

தீபாவளிக்காகப் போடும் தற்காலிகக் கடை என்றால், வீடு போன்ற கட்டிடங்களில் இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே 3 மீட்டராவது வேண்டும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டாசு செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு உரிமமே கிடையாது. கூலிக்கு ஆசைப்பட்டு ரகசியமாகச் செய்து, வீடே தரைமட்டம் ஆன சம்பவங்களை இந்த வட்டாரம் பார்த்து இருக்கிறது.

"கீழே கடை, மேலே வீடு" என்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கடையில் வெடி இருந்தால், அது பழக்கம் அல்ல, விபரீதம்!

டச்சு நாட்டில் நடந்தது

"எல்லா ஆபீசுகளையும் இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

தள்ளலாம். ஊர் பின்னாலேயே வந்தால் என்ன செய்வது?

நெதர்லாந்து நாட்டில் என்ஸ்கெடே என்று ஒரு நகரம். 1977-ல் அங்கே ஒரு வாணவெடிக் கிட்டங்கி கட்டினார்கள். அப்போது அது ஊருக்கு வெளியேதான் இருந்தது. நாளாக நாளாக ஊர் வளர்ந்தது. கிட்டங்கியைச் சுற்றி வீடுகள் முளைத்தன. பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர் வீடுகள்.

2000-ம் ஆண்டு மே 13-ந் தேதி, சனிக்கிழமை மத்தியானம், அந்தக் கிட்டங்கி வெடித்தது. 23 பேர் செத்தார்கள். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். காயம் அடைந்தவர்கள் 900-க்கும் மேல். சுமார் 400 வீடுகள் அழிந்தன.

கிட்டங்கி நகரவில்லை. ஊர்தான் அதன் வாசலுக்குப் போய் நின்றது!

பிறகு அந்த மக்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பேட்டையை வெறும் பொட்டலாக விட்டுவிடவில்லை. குடியிருந்தவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அதே இடத்தில் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் கலந்து கட்டினார்கள். பழைய நெசவாலைக் கட்டிடத்தில் ஓர் அருங்காட்சியகம்கூட வந்தது. வாணவெடி மட்டும் திரும்பி வரவில்லை.

எல்லாம் கலக்கலாம், வெடி கலக்கக் கூடாது. இதுதான் அவர்கள் கற்ற பாடம். 23 உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்!

ஊர் உயர்ந்தால் காடு தப்பும்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்குள் மாடி கட்ட வழி இல்லை என்றால், ஜனங்கள் காட்டுப் பக்கம் போவார்கள். காடு மனையாகும். மனை வரிசை நகர்ந்து நகர்ந்து பட்டாசு ஆபீஸ் வேலியைத் தொடும். கண்ணுக்குத் தெரியாத மதில் இடிந்துவிடும்.

ஊருக்குள்ளேயே கட்டுபடியாகும் வாடகையில் வீடு கிடைத்தால், யார் காட்டுக்குப் போவார்கள்?

ஆகவே, பஸ் நிலையம், ரெயில் நிலையம், கடைவீதி இவற்றின் பக்கத்தில் உள்ள மனைகளைக் கலப்புக் குடியிருப்பாக மாற்றுவது நல்லது. கீழே மளிகைக் கடை இருக்கட்டும். தையல் கடை, மருந்துக் கடை, டாக்டர் வீடு, டியூஷன், சின்ன அச்சாபீஸ் இருக்கட்டும். மேலே இரண்டு, மூன்று குடித்தனம் இருக்கட்டும்.

அதே பேனாவால், பட்டாசு ஆபீஸ்களைச் சுற்றி உள்ள நிலத்தை வீட்டு மனையாக மாற்ற முடியாதபடி எழுதி வைக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் பயன் இல்லை. உள்ளே கதவைத் திறந்து, வெளியே கதவைச் சாத்த வேண்டும்.

மாடி கட்டினால் மட்டும் போதுமா?

போதாது. இதில் உள்ள சங்கடங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, தண்ணீர். கோடையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் ஊர் இது. வீடு இரட்டித்தால் குடமும் இரட்டிக்கும். குழாயும் சாக்கடையும் முதலில், மாடி பிறகு.

இரண்டாவது, தெரு. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் மூன்று மாடி கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. மாடி கட்ட அனுமதி கேட்கிறவர் தெருவுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, வாடகைக்கு இருப்பவர்கள். மனையின் வகை மாறினால் அதன் மதிப்பு ஏறும். லாபம் மனைக்காரருக்கு. "இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்" என்றால் ஏழை எங்கே போவான்? திரும்பவும் காட்டுக்குத்தான்! அவனுக்கும் மாடியில் ஓர் அறை கிடைத்தால்தான் இந்தத் திட்டத்துக்கு அர்த்தம் உண்டு.

மனை வாங்கும் முன்...

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா?

2. முழுமைத் திட்டத்தில் இந்த நிலம் எந்த வகை?

3. சுற்றுவட்டத்தில் பட்டாசு ஆபீஸ், மருந்துக் கிட்டங்கி இருக்கிறதா? எவ்வளவு தூரம்?

4. தீயணைப்பு வண்டி வர ரோடு இருக்கிறதா?

தரகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மாநகராட்சி ஆபீசிலும், நகர் ஊரமைப்பு ஆபீசிலும், தாலுகா ஆபீசிலும் விசாரியுங்கள். மனைக்குப் போய், அக்கம்பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். எந்த வேலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் நில உபயோக மாற்றம் பற்றி அறிவிப்பு வந்தால், "நமக்கு என்ன?" என்று இருந்துவிடாதீர்கள். படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். அது உங்கள் உரிமை.

தீபாவளி அன்று நாடு முழுவதும் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்தச் சீமையின் கைகள் செய்தவை. அந்தக் கைகள் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

திரும்பி வரும் வீடும் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும்.